சீன மூலிகையும் அறிவியல் உரைகல்லும்

மூலிகை மருத்துவம் பற்றிப் பேச்செழுந்தால் நம் இல்லங்களில் இருவகைக் குரல்களைக் கேட்கிறோம். "முன்னோர் கண்டது பொய்க்குமா? பச்சிலையால் தீங்கு வருமா?" என்பது முதியோர் குரல். "இலையும் தழையும் நோய் தீர்க்குமென்றால் மருத்துவக் கல்லூரிகள் எதற்கு?" என்பது கற்ற இளைஞர் குரல். இவை எதிரெதிர்த் திசையில் ஒலிப்பினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. சோதித்தறியும் உழைப்பை இரண்டுமே மேற்கொள்வதில்லை. முன்னது சோதிக்காமலே ஏற்கிறது. பின்னது சோதிக்காமலே தள்ளுகிறது.

அவ்வுழைப்பை மேற்கொண்டால் என்ன கிட்டும், மேற்கொள்ளாவிடில் என்ன நேரும் என்பதற்குச் சீன மூலிகை மருத்துவத்தின் அண்மைக்கால வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது. அம்மரபிலிருந்து கிடைத்த ஒரு செடி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே மரபைச் சேர்ந்த மற்றொரு செடி, பெயர் மயக்கத்தால் மருந்துச் சரக்கில் கலந்து, நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்களைப் பாழ்படுத்தியது. இவ்விரு வரலாறுகளையும் விளக்குவதும், அவற்றினின்று நாம், சிறப்பாகத் தமிழ் பயில்வோர், கொள்ளத்தக்க பாடம் யாதெனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோரும் சோதனையும்

சீனரின் மருந்து நூல் மரபு மிக நெடியது. ஷென்நோங் என்னும் தொன்மப் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய மூலிகை நூல் 365 மருந்துப் பொருள்களைக் கூறுகிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லீ ஷிசென் என்னும் மருத்துவர் பல்லாண்டுகள் உழைத்து 1578இல் முடித்த 'பென்சாவ் காங்மு' என்னும் பெருநூல், 1892 பொருள்களையும் 11,000க்கு மேற்பட்ட மருந்து முறைகளையும் தொகுத்துரைக்கிறது. ஆசிரியர் மறைந்த பின்னரே, 1596இல், அந்நூல் முழுமையாக வெளிவந்தது.

இத்தகைய நூல்களை எழுதியோர் கேட்டதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் என்று கருதுதல் பிழையாகும். 1061இல் சூ சோங் என்பார் தொகுத்த மருந்து நூலில் ஜின்செங் வேரின் தரத்தை அறியும் முறையொன்று கூறப்படுகிறது. இருவரை ஒன்றாக ஓடச் செய்து, ஒருவர் வாயில் மட்டும் அவ்வேரை இடவேண்டும். ஓடி முடித்தபின் இருவருடைய மூச்சையும் ஒப்பிட வேண்டும். மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே வைத்து நோக்கும் இன்றைய ஆய்வு முறையின் கருவை இதில் காணலாம்.

அதே நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்த இப்னு சீனா (980–1037) தம் 'அல் கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில், மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நெறிகளை வகுத்துள்ளார். மருந்தின் பயன் ஒருமுறை மட்டும் தோன்றினால் போதாது, மீண்டும் மீண்டும் தோன்ற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விலங்கிடம் கண்ட பயனை அப்படியே மனிதருக்கு உரியதாகக் கொள்ளலாகாது என்பது மற்றொன்று. சீன மருத்துவமும் இசுலாமிய உலகின் மருத்துவமும் ஒன்றையொன்று அறியாதவையும் அல்ல. தப்ரீசு நகரில் அமைச்சராய் விளங்கிய ரஷீதுத்தீன், 1313ஆம் ஆண்டளவில் சீன மருத்துவச் செய்திகளைப் பாரசீக மொழியில் நூலாக்கினார். எனவே சோதித்தல் என்பது மரபுக்குப் புறம்பானதன்று. மரபே நமக்கு விட்டுச்சென்ற கடமை எனலாம்.

திட்டம் 523

வியட்நாம் போர் நடைபெற்ற காலத்தில் காடுகளில் இருந்த வீரர்களைத் துப்பாக்கிக் குண்டுகளுக்கு நிகராக மலேரியாவும் வாட்டியது. பல்லாண்டுகளாகக் கைகொடுத்து வந்த குளோரோகுயின் மருந்துக்கு, அந்நோயின் கொடிய வகையை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி தென்கிழக்காசியாவில் பணிய மறுத்தது. வட வியட்நாம் சீனாவின் உதவியை நாடியது. அதன் விளைவாக 1967ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் பெய்ஜிங்கில் கூடிய கூட்டத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கப்பெற்றது. மாதம் ஐந்து, நாள் இருபத்து மூன்று என்பதால் 'திட்டம் 523' எனப் பெயரிட்டு அதனை மறைவாக நடத்தினர். நாடெங்கும் ஏறத்தாழ 60 நிறுவனங்களைச் சேர்ந்த 500க்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் இதில் பங்கேற்றனர்.

1969ஆம் ஆண்டு சனவரியில், பெய்ஜிங்கிலுள்ள சீன மரபு மருத்துவக் கழகத்தின் ஆய்வுக் குழுவுக்குத் தலைவராக தூ யூயூ என்னும் அம்மையார் அமர்த்தப்பட்டார். 1930இல் நிங்போ நகரில் பிறந்த இவர் மருந்தியல் பயின்றவர். மரபு மருத்துவத்திலும் பயிற்சி பெற்றவர். இப்பணிக்காகத் தம் சிறு பெண் மக்களைப் பிரிந்திருக்க நேர்ந்தது. பழைய நூல்களைப் புரட்டியும், முதிய மருத்துவர்களை நேரிற் கண்டு கேட்டும் 2000க்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளை இவர்தம் குழு திரட்டியது. அவற்றுள் 640 குறிப்புகள் ஒரு தொகுப்பாக்கப்பட்டன. பின்னர் 200க்கு மேற்பட்ட மூலிகை முறைகளிலிருந்து 380 வகைச் சாரங்களை வடித்து, மலேரியா ஊட்டப்பட்ட எலிகளிடம் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பெரும்பாலானவை பயன் தரவில்லை. ஏட்டில் இருப்பதெல்லாம் மருந்தாகிவிடுவதில்லை என்பதை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

ஒரு வினைச்சொல்லின் பயன்

சோதித்தவற்றுள் சிங்ஹாவ் என்னும் செடியும் ஒன்று. தாவரவியலார் இதனை ஆர்ட்டிமிசியா ஆனுவா என்பர். நம் பூக்கடைகளில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும், சித்த மருத்துவத்தில் வழங்கும் மாசிபத்திரியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆயினும் மலேரியாவைத் தீர்க்கும் மருந்துக்காக ஆராய்ந்து பயிரிடப்படுவது ஆர்ட்டிமிசியா ஆனுவாவே.

சிங்ஹாவின் சாரம் ஒருமுறை 68 விழுக்காடு அளவுக்கு ஒட்டுண்ணியை அடக்கியது. ஆனால் அடுத்த சோதனைகளில் அப்பயன் 12 முதல் 40 விழுக்காடாகக் குன்றியது. ஒரே செடி ஒருநாள் பயன் தருவதும் மறுநாள் பயன் தராததும் ஏன் என்பது விளங்கவில்லை. தூ யூயூ மீண்டும் பழைய நூல்களை நாடினார். 4ஆம் நூற்றாண்டினரான கோ ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குச் சிங்ஹாவைப் பயன்படுத்தும் முறை கூறப்பட்டிருந்தது. சீன மருத்துவத்தில் மூலிகைகளை நீரிலிட்டுக் காய்ச்சுவதே பெருவழக்கு. கோ ஹோங்கோ செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அச்சாற்றைப் பருகுமாறு சொல்லியிருந்தார். அங்கே காய்ச்சுதல் என்னும் வினையே இல்லை.

அவ்வேறுபாட்டில் தூ யூயூவின் சிந்தை நின்றது. வெப்பம் மருந்தின் ஆற்றலைக் குலைத்துவிடுகிறதோ என்று அவர் ஐயுற்றார். நீரும் சாராயமும் உயர்ந்த வெப்பநிலையில் கொதிப்பவை. ஈதர் என்னும் நீர்மமோ 35 பாகை செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே ஈதரைக் கொண்டு தாழ்ந்த வெப்பத்தில் சாரத்தை வடித்தார். அதிலிருந்து பயனற்றதும் நச்சுத்தன்மை உடையதுமான அமிலப் பகுதியை நீக்கினார். எஞ்சிய பகுதி 1971ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், 191ஆம் எண்ணிட்ட சோதனையில், எலிகளின் குருதியிலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை நூற்றுக்கு நூறு அழித்தது. குரங்குகளிடமும் அவ்வாறே பயன் விளைந்தது.

ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு தொடரில், எந்த வினை இருக்கிறது, எந்த வினை இல்லை என்று நுணுகி நோக்கியதே இந்த வெற்றிக்கு வாயிலாயிற்று. சொல்லாராய்ச்சியால் சோற்றுக்கு என்ன பயன் என்று கேட்பாருக்கு இது தக்க விடையாகும்.

சாற்றிலிருந்து படிகம்

நூற்குறிப்பு வழிகாட்டியது, ஆனால் ஆய்வு அத்துடன் முடியவில்லை. சாரம் மனிதருக்குத் தீங்கற்றது என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 1972 சூலையில் தூ யூயூவும் அவருடைய உடனாய்வாளர் இருவரும் மருத்துவமனையில் தங்கி, அச்சாரத்தைத் தாங்களே முதலில் உட்கொண்டனர். அதன் பின்னரே ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, குருதியிலிருந்த ஒட்டுண்ணிகள் மறைந்தன. அவ்வாண்டு நவம்பரில் சாரத்திலிருந்து தூய படிகப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று உலகோர் அதனை ஆர்ட்டிமிசினின் என்பர்.

அடுத்த ஆண்டு அப்படிகத்தை மாத்திரையாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மருந்து பொய்த்ததோ என ஐயம் எழுந்தது. ஆராய்ந்ததில், மாத்திரை உடலுக்குள் சரிவரக் கரையவில்லை என்பது தெரிந்தது. அதே பொருளை உறைகளில் இட்டுக் கொடுத்ததும் நோய் தணிந்தது. தோல்வியை மறைக்காமல் காரணத்தைத் தேடியதால் மருந்து பிழைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆர்ட்டிமிசினின் செயற்படும் விதமும் அறிவியலால் விளங்கிற்று. இதன் மூலக்கூறு 15 கரி அணுக்களும், 22 நீரக அணுக்களும், 5 உயிரக அணுக்களும் கொண்டது. இரண்டு உயிரக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதில் ஒரு பாலம் போல் அமைந்துள்ளன. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து, அங்குள்ள ஈமோகுளோபினை உண்டு வாழ்வது. அவ்வாறு உண்ணும்போது இரும்பு அடங்கிய பொருள் வெளிப்படுகிறது. அவ்விரும்போடு கூடியதும் மருந்தின் உயிரகப் பாலம் உடைந்து, வீரியம் மிக்க துகள்கள் தோன்றி, ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. ஒட்டுண்ணி உண்ணும் உணவே அதற்குக் கூற்றாகிறது.

இப்பொருளிலிருந்து ஆர்ட்டிமீதர், ஆர்ட்டிசுனேட் முதலிய மருந்துகள் உருவாயின. 2006இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகள், பால்சிபாரம் மலேரியாவுக்கு இவற்றை வேறொரு மருந்தோடு இணைத்தே வழங்க வேண்டும் என்று வகுத்தன. 2015ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி தூ யூயூவுக்கு வழங்கப்பட்டது. 1940களில் ஆண்டுக்கு 3 கோடி மலேரியா நோயாளிகளைக் கண்ட சீனம், 2021 சூன் 30ஆம் நாள் மலேரியா அற்ற நாடென உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. கொசு ஒழிப்பும் விரைந்த நோயறிதலும் இவ்வெற்றிக்குத் துணைநின்றன.

பெயர் மயக்கத்தின் விலை

இவ்வரலாற்றைக் கேட்டவுடன், பழைய நூலிலுள்ள மூலிகைகளை எவ்வித ஐயமுமின்றி உண்ணலாம் என்று முடிவுகட்டுவோர் மற்றொரு நிகழ்ச்சியையும் அறிதல் வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டின் தலைநகரான புருசெல்சில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைகள் கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் விரைந்து பழுதுற்றன. 1992இல் மருத்துவர்கள் இதனைக் கண்டு துருவினர். மருந்தில் இருக்க வேண்டியது ஸ்டெபானியா என்னும் கொடியின் வேர். அதன் சீனப் பெயர் ஃபாங்ஜி. ஆனால் அதே பெயரின் மற்றொரு வகையாக வழங்கும் அரிஸ்டோலோக்கியா என்னும் கொடியின் வேர் அதற்குப் பதிலாகக் கலந்திருந்தது. பெயரால் உறவுடைய அவ்விரு கொடிகளும் குணத்தால் முற்றிலும் வேறானவை. பின்னதில் உள்ள அரிஸ்டோலோக்கிய அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்வது.

பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 100ஐக் கடந்தது. பலர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றும், இயந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்தும் வாழ வேண்டியதாயிற்று. கேடு அத்துடனும் நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றிக்கொள்ள இசைந்த 39 பேரை ஆராய்ந்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் காணப்பட்டது என்னும் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. 2003 முதல் சீன அரசும் இவ்வகைச் செடிகள் சிலவற்றின் பயன்பாட்டை அடுத்தடுத்து விலக்கியது.

இதனைத் தொலைநாட்டுச் செய்தியெனத் தள்ளுவதற்கில்லை. நம் நாட்டில் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஈசுவரமூலி என்றும் வழங்கும் செடிகள் அரிஸ்டோலோக்கியா இனத்தவையே. அவற்றிலும் அவ்வமிலம் உண்டு. ஆடும் தீண்டாது என்று பெயரிட்ட முன்னோரின் கூர்ந்த நோக்கைப் போற்றலாம். ஆயினும் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் சிறுநீரகக் கேட்டையும் புற்றையும் தனியொரு மருத்துவர் தம் பட்டறிவால் கண்டறிதல் அரிது. அதற்குப் பலரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கும் ஆய்வு வேண்டும். நெடுங்காலமாக வழங்கி வருகிறது என்பதொன்றே தீங்கின்மைக்குச் சான்றாகாது.

நஞ்சும் அளவும்

மூலிகையல்லாத மரபு மருந்தொன்றின் வரலாறும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. வெள்ளைப் பாடாணம் என்று நம் சித்தர் நூல்கள் கூறும் ஆர்செனிக் டிரையாக்சைடு கொடிய நஞ்சு. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர் சாங் திங்தொங் தலைமையிலான குழுவினர், 1970களில் நாட்டு மருந்து ஒன்றை ஆராயத் தொடங்கினர். பாடாணம், இரசச் சேர்மம், தேரை நஞ்சு ஆகியவை அடங்கிய அம்மருந்தைப் பகுத்துச் சோதித்து, பயனுக்குரியது பாடாணமே என்று தெளிந்தனர். எல்லாப் புற்றுக்கும் அன்று, குருதிப் புற்றில் குறிப்பிட்ட ஒரு வகைக்கே அது சிறந்த மருந்து என்பதும் படிப்படியாகத் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடும் அதற்கு இசைவளித்தது. முன்பு விரைந்து உயிர் பறித்த அவ்வகைப் புற்றிலிருந்து இன்று பெரும்பாலோர் மீள்கின்றனர். எப்பொருள், எந்நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே நஞ்சு மருந்தாயிற்று. மருத்துவமனையில் வல்லுநர் மேற்பார்வையிலேயே அது செலுத்தப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது.

சிங்ஹாவுக்கும் இந்நான்கு வினாக்கள் பொருந்தும். அச்செடியின் இலையைத் தேநீராக்கிப் பருகுவோர் சில நாடுகளில் உளர். உலக நலவாழ்வு நிறுவனம் இதனை ஏற்கவில்லை. இலைதோறும் மருந்தின் அளவு மாறுபடும். ஆர்ட்டிமிசினின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். குறைந்த அளவு மருந்தைச் சந்தித்துப் பிழைத்த ஒட்டுண்ணிகள் மேலும் வலிமை பெறக்கூடும். கம்போடியாவின் மேற்குப் பகுதியில் ஆர்ட்டிமிசினினை ஓரளவு எதிர்த்து நிற்கும் ஒட்டுண்ணிகள் 2008 முதல் அறியப்பட்டுள்ளன. பின்னர்க் கிழக்காப்பிரிக்க நாடுகளிலும் காணப்பட்டன. மலேரியாவால் உலகில் ஆண்டுதோறும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாளும் இந்நாளில், கிடைத்த அரிய மருந்தை வீணடித்தல் பெருந்தவறாகும்.

நமக்குரிய பாடம்

சிங்ஹாவின் வரலாற்றிலும் பெயர் மயக்கம் குறுக்கிட்டதுண்டு. பிற்காலத் தாவர நூல்களில் சிங்ஹாவ் என்னும் பெயர் ஆர்ட்டிமிசினின் இல்லாத வேறொரு செடிக்குச் சூட்டப்பட்டிருந்தது. எச்செடி, எப்பகுதி, எப்பருவத்தில் பறித்தது என்றெல்லாம் ஆய்வாளர் தெளிய வேண்டியிருந்தது. நம் மருத்துவச் சுவடிகளிலும் ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிப்பதும், ஒரு செடி பல பெயர் பெறுவதும் உண்டு. சித்த மருத்துவம் சாறு, குடிநீர், கற்கம், சூரணம் என மருந்து வகைகளைப் பிரித்துரைத்து, ஒவ்வொன்றும் எத்துணைக் காலம் வீரியத்தோடு இருக்கும் என்பதையும் வரையறுக்கிறது. பதிப்பிப்போர் 'சாறு' என்றிருந்ததைக் 'குடிநீர்' என்று திருத்திவிட்டால், ஆய்வாளருக்கு உரிய வழியே அடைபட்டுவிடும். ஆகவே சுவடியைப் பிழையறப் படித்தலும், பாடவேறுபாடுகளைக் காட்டிப் பதிப்பித்தலும், வட்டாரப் பெயர்களைச் செடியின் உலர்ந்த மாதிரியோடு சேர்த்துப் பதிவு செய்தலும் தமிழ்த் துறையும் தாவரவியல் துறையும் கைகோத்துச் செய்யவேண்டிய பணிகள். விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும் மாணவர் பத்துச் செடிகளுக்கு இதனைச் செய்தாலும் பயனுண்டு.

சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லங்களில் ஏட்டுச்சுவடியாகவோ, கையெழுத்துப் படியாகவோ, அரபுத்தமிழிலோ மருத்துவக் குறிப்புகள் இருக்குமாயின் அவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் படியெடுக்க இடந்தாருங்கள். அதேபோல் எம்மருந்தை உட்கொண்டாலும், அது பச்சிலையே ஆயினும், மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். சிறுநீரகம் ஒருமுறை சுருங்கிவிட்டால் அதனை மீட்கும் மூலிகை எதுவும் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். கோ ஹோங்கின் ஏட்டுக் குறிப்பு 1600 ஆண்டுகள் ஏட்டிலேயே இருந்தது. அதனை மெய்யென நம்பி மட்டும் இருந்திருந்தாலும், பொய்யென இகழ்ந்து ஒதுக்கியிருந்தாலும் அது அங்கேயே இருந்திருக்கும். ஊன்றிப் படித்து உரைகல்லில் உரைத்துப் பார்த்த ஒருவரால் அது உலகுக்கு மருந்தாயிற்று. முன்னோருக்கு நாம் செய்யத்தக்க நன்றியும் அதுவே.